பாடாமல் நின்ற பிள்ளைகளுக்காக யார் நிற்பது?

கேரளத்தில் கிடங்கூர் என்ற ஊர். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக் கூட்டம். தேசிய கீதம் தொடங்குகிறது, பிள்ளைகள் எல்லோரும் பாடுகிறார்கள். வரிசையில் ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கிறார்கள். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கின்றன, உதடு மட்டும் அசையவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. தங்கள் கடவுளை வணங்குவது தவிர வேறு எந்தச் சடங்கிலும் பங்கேற்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. இவர்களுக்கு முன்பு அதே பள்ளியில் படித்த அக்காமாரும் இப்படித்தான் நின்றார்கள். அப்போது யாரும் அதைக் குற்றமாகப் பார்க்கவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கண்ணில் இது பட்டது. விஷயம் சட்டமன்றம் வரை போனது. விசாரணைக் குழு அமைத்தார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. அப்படியிருந்தும் கல்வித்துறை அதிகாரியின் உத்தரவுப்படி ஜூலை 26 அன்று மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் படித்துக்கொண்டிருந்தது பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடமும், அதன்பின் இரு நீதிபதிகள் அமர்விலும் தோற்றார்கள்.

1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் அந்த நீக்கத்தை ரத்து செய்தார்கள். அவர்கள் எடுத்துவைத்த காரணங்கள் இன்றைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உதவக்கூடியவை. தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கீதம் பாடப்படுவதைத் தடுப்பதும், பாடும் கூட்டத்தைக் குலைப்பதும்தான் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எழுந்து நின்று மரியாதை காட்டியவர் அவமதித்தவர் ஆகமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, துறை அனுப்பும் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. சட்டத்தின் பலம் இல்லாத ஒரு காகிதத்தைக் காட்டி அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது.

அந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டு பலம் இல்லை, ஊர் பலமும் இல்லை. தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் அவர்கள் பிரிவைச் சேர்ந்தவர்களும் இல்லை. மத உரிமை என்பது நம் சாமியைக் கும்பிட நமக்கிருக்கும் உரிமை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நம் நம்பிக்கைக்குச் சற்றும் ஒத்துவராத ஒருவருக்காகவும் யாராவது வழக்காட வேண்டும். அந்த வேலையைச் செய்பவைதான் குடிமை உரிமை அமைப்புகள்.

தாக்குதலை எண்ணி எழுதியவர்கள்

கிடங்கூர் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அமெரிக்க வழக்குகளையும் அலசியது. அங்கே நடந்தது நமக்கும் பாடம். அமெரிக்கப் பள்ளிகளில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள். அது சரிதான் என்று 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த சூட்டோடு நாடு முழுக்க அந்தப் பிரிவினர் மீது கும்பல்கள் பாய்ந்தன.

1920இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குடிமை உரிமைச் சங்கம் அப்போது பொறுமையான ஒரு வேலையைச் செய்தது. எந்த ஊரில், எத்தனை பேர், என்ன தாக்குதல் என்று எழுதிச் சேர்த்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 1,500 பேர் தாக்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறையிடம் கணக்கு வைத்தது. அடுத்த வழக்கு மேற்கு வர்ஜீனியாவிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தச் சங்கம் பிள்ளைகள் பக்கம் நின்று தன் வாதத்தை எழுத்தில் தாக்கல் செய்தது. 1943 ஜூன் 14 அன்று, மூன்றே ஆண்டுகளில், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. ஆறுக்கு மூன்று என்ற அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். நம்பிக்கை எது, நாட்டுப்பற்று எது என்று எந்த அதிகாரியும் குடிமகனுக்குக் கட்டளையிட முடியாது என்பதே அதன் சாரம். நீதிமன்றமும் ஒருமுறை தவறலாம், தவறைத் திருத்தவும் செய்யலாம். அதற்கு வழக்கு நடத்தும் பொறுமையும் கையில் கணக்கும் வேண்டும்.

நம் மண்ணிலும் உண்டு

விடுதலைக்கு முன்பே, 1936இல், நேருவின் முயற்சியால் இந்தியக் குடிமை உரிமைச் சங்கம் பிறந்தது. தாகூர் அதன் தலைவர், சரோஜினி நாயுடு செயல் தலைவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பு 1980இல் மக்கள் சிவில் உரிமைக் கழகமாக உருவெடுத்தது. பி.யு.சி.எல். என்றால் பலருக்குத் தெரியும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் இன்று நாம் பார்க்கும் 'நோட்டா' பொத்தான் இந்த அமைப்பு நடத்திய வழக்கில் 2013இல் வந்தது. மும்பையிலுள்ள நீதி மற்றும் அமைதிக்கான குடிமக்கள் அமைப்பு போன்றவையும் இதே களத்தில் நிற்கின்றன. உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் மதமாற்றச் சட்டங்களை எதிர்த்து அது உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

ஒரு அமைப்பும் ஒரு வழக்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இமாச்சலப் பிரதேசம் நல்ல எடுத்துக்காட்டு. மதம் மாற விரும்புகிறவர் 30 நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஒரு கிறிஸ்தவக் கூட்டமைப்பும், மதம் சாராத 'அன்ஹத்' என்ற அமைப்பும் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2012 ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. நம்புவதற்கும் நம்பிக்கையை மாற்றிக்கொள்வதற்கும் மட்டுமல்ல, தன் நம்பிக்கையை வெளியே சொல்லாமல் இருப்பதற்கும் மனிதனுக்கு உரிமை உண்டு என்றது.

சட்டம் தருவது என்ன?

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, விரும்பிய மதத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்தப் பிரிவு முதலில் சொல்வது மனசாட்சிச் சுதந்திரத்தை. ஆகவே எந்த மதத்தையும் நம்பாதவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. 26ஆம் பிரிவு, மதப் பிரிவினர் தங்கள் மத விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள வழிசெய்கிறது. 27ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்க முடியாது. 28ஆம் பிரிவைப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ மத வழிபாட்டிலோ கட்டாயமாக உட்காரவைக்க முடியாது. பள்ளியை நடத்துவது எந்த மதத்தவராக இருந்தாலும் இதுதான் விதி.

இந்த உரிமை வேற்று மதத்தாரால் மட்டும் பறிபோவதில்லை, சொந்த ஊரிலேயே பறிபோவதும் உண்டு. பட்டியல் சாதியினரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பதும், திருவிழாவில், சாமி ஊர்வலத்தில் சேரவிடாமல் செய்வதும் மத உரிமை மீறல்தான். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதைக் குற்றமாக்கியிருக்கின்றன.

எல்லை எங்கே?

உரிமையைச் சொல்லிவிட்டு எல்லையைச் சொல்லாமல் விட்டால் படிப்பவரைச் சிக்கலில் தள்ளிவிடுவோம். பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம், பிறரின் அடிப்படை உரிமை ஆகியவற்றுக்கு உட்பட்டதே மத உரிமை. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒரு தேவாலயத்துக்கும் ஒலிபெருக்கி பற்றி வந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லி எந்த மதமும் கேட்கவில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோயில் திருவிழா, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாகத் தடை.

பரப்பும் உரிமையில், இன்னொருவரை மதம் மாற்றுவது தனி உரிமையாக அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மதத்தின் கருத்தை எடுத்துச் சொல்லலாம். மிரட்டியோ ஏமாற்றியோ மாற்றக் கூடாது. கேட்டவர் தாமாக மனம் மாறினால் அது அவருடைய மனசாட்சி.

தமிழ்நாட்டில் பலர் சறுக்கும் இடம் கட்டட அனுமதி. வீட்டில் குடும்பத்தோடு ஜெபிப்பதற்கும் தொழுவதற்கும் பஜனை பாடுவதற்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த இடத்தைப் பொது வழிபாட்டுக் கூடமாக மாற்றினால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத ஒரே காரணத்தால் கூடத்துக்குச் சீல் வைக்கப்பட்டு நிற்கிறவர்கள் உண்டு. பகை கொண்டவர்களுக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ஆபத்து எந்த வடிவில் வரும்?

முதலாவது, மதமாற்றத் தடைச் சட்டங்கள். ஒடிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் தொடங்கிவைத்த இந்த வகைச் சட்டம் இன்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002இல் அவசரச் சட்டமாக வந்து சட்டமாகி, எதிர்ப்புக்குப் பின் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இங்கே இல்லையே என்று இருந்துவிட முடியாது. வேலைக்கும் படிப்புக்கும் ஊழியத்துக்கும் வட மாநிலங்களில் வாழும் தமிழர்கள் ஏராளம். உத்தரப்பிரதேசச் சட்டத்தில், மாற்றம் முறையானதே என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. 2024இல் வந்த திருத்தம் சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை உயர்த்தியது. சம்பந்தமில்லாத மூன்றாம் நபரும் புகார் கொடுக்க வழிவிட்டது. அங்கே ஒரு பிறந்தநாள் ஜெபக் கூட்டம்கூட வழக்காக மாறலாம் என்பதை அறிந்து நடக்க வேண்டும்.

இரண்டாவது, மதம் கடந்த திருமணம். கேரளத்தில் மதம் மாறி மணம் செய்துகொண்ட, வயதுவந்த ஒரு பெண்ணின் திருமணத்தை 2017இல் உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. யாரை மணப்பது, எதை நம்புவது என்பது வயதுவந்தவரின் சொந்த முடிவு, பெற்றவர்களோ அரசோ அதில் தலையிட முடியாது என்றது. மதம் மாறாமலே மணம் செய்ய 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. அந்த நாட்களில்தான் மிரட்டல் வரும். அதனால் வழக்கறிஞரை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் அந்தத் தகுதி போய்விடும். இது நியாயமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கிறது. விடை வரும் வரை, மதம் மாறியதை மறைத்துச் சான்றிதழ் வாங்கினால் வேலையே பறிபோகலாம். மாற நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

நான்காவது, கும்பல். வழிபாட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து கலைப்பது, சிலையை உடைப்பது, அடக்கம் செய்யவிடாமல் சுடுகாட்டை, கல்லறையை மறிப்பது எல்லாம் இதில் சேரும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 298 முதல் 302 வரையுள்ள பிரிவுகள் இவற்றுக்கென்றே இருக்கின்றன.

தீர்வு: முதல் நாளின் காகிதம்

இந்த வழக்குகளில் பெரும்பாலும் வெற்றியும் தோல்வியும் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. ஆத்திரத்தில் பதிலுக்குக் கைநீட்டினால் இரு தரப்பு மோதல் என்று வழக்கு பதிவாகிவிடும். அதனால் முதலில் செய்ய வேண்டியது அமைதியாக எழுதுவது. நாள், நேரம், இடம், வந்தவர்கள், பேசிய வார்த்தைகள், பார்த்தவர்கள் பெயர் என எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். வீடியோ இருந்தால் வெட்டாமல், மூலப் பதிவாகவே பத்திரப்படுத்துங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், யாரால் ஏற்பட்டது என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது காவல் நிலையம். புகாரை எழுத்தில் கொடுங்கள். மனு வாங்கியதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள். உள்ளங்கை அகலக் காகிதம்தான். அதிலுள்ள எண்ணும் தேதியும்தான் பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும். பிடியாணை இல்லாமல் கைது செய்யத் தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவர் மன்றத்தில் மனு போடலாம்.

நம் ஊர்களில் இதற்கிடையே வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடக்கும். போங்கள், மரியாதையாகப் பேசுங்கள். எழுதிவைத்த தாளை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இனி இங்கே கும்பிட மாட்டோம், இனி கூட மாட்டோம் என்ற வரி உள்ளே ஒளிந்திருக்கலாம். யோசிக்க நேரம் கேட்பது உங்கள் உரிமை. அவசரத்தில் போட்டுவிட்டாலும் கலங்க வேண்டாம். அடிப்படை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துக் கைவிட முடியாது என்று 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் மீதே வழக்குப் போட்டுக் கைது செய்ய வந்தால், கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விருப்பமான வழக்கறிஞரைப் பார்க்க உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு போடலாம். அரசு உத்தரவே உரிமையைப் பறித்தால் 226ஆம் பிரிவின் கீழ் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாம். 32ஆம் பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம்.

கையில் காசில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். தொலைபேசி எண் 15100. சிறுபான்மையினர் ஆணையத்திலும் மனித உரிமை ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். மனித உரிமை ஆணையம் ஓராண்டுக்கு மேற்பட்ட சம்பவத்தை விசாரிக்காது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அமைப்புகளை எப்படி அணுகுவது?

குடிமை உரிமை அமைப்பிடம் போகும்போது அழுகையோடு காகிதத்தையும் கொண்டு போங்கள். சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சீட்டு, அன்றிரவு எழுதிவைத்த குறிப்பு ஆகியவை இருந்தால் அவர்கள் வேலை பாதி முடிந்தது. உங்கள் பக்கத் தவறு ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மை அறியும் குழு ஊருக்கு வந்தால் எதிர்த் தரப்பையும் அதிகாரிகளையும் பார்க்கும். அதைக் கண்டு கோபப்படாதீர்கள். இரு தரப்பையும் கேட்டு எழுதிய அறிக்கைக்குத்தான் நீதிமன்றத்தில் மதிப்பு.

வழக்கு நடத்தித் தருகிறோம் என்று பணம் வசூலிப்பவர்களிடமும், உங்கள் வலியைத் தேர்தல் மேடைக்கு ஏற்ற நினைப்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பெயர், முகம், முகவரி எதை வெளியிடலாம் என்பது உங்கள் முடிவாக இருக்க வேண்டும். முக்கியமாகப் பிள்ளைகளின் படம் வெளியே போகக் கூடாது.

ஒரு அமைப்பு உண்மையானதா என்று அறிய எளிய வழி உண்டு. எல்லா மதத்தாருக்காகவும் நின்றிருக்கிறதா என்று கேளுங்கள். கோயிலுக்குள் விடாமல் தடுக்கப்பட்டவருக்கும், தொழுகை நடத்தவிடாமல் விரட்டப்பட்டவருக்கும், ஜெபக் கூட்டத்தில் அடிபட்டவருக்கும், கடவுளே இல்லை என்று பேசியதற்காக மிரட்டப்பட்டவருக்கும் ஒரே மாதிரி வந்து நிற்பதுதான் குடிமை உரிமை அமைப்பு.

அந்தக் கேள்வி நமக்கும் உரியது. கிடங்கூர் பள்ளியில் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் பத்துப் பேர், 'அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும், எங்களுக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் தெருவில், வேறு சாமியைக் கும்பிடும் ஒருவர், அல்லது எந்தச் சாமியையும் கும்பிடாத ஒருவர், ஒருநாள் மனுவோடு வந்து நடந்ததைப் பார்த்ததற்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்பார். எதற்கு வம்பு என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். பார்த்தது உண்மை என்றால் பேனாவை எடுங்கள்.